இனிஷியலும் பாஸ்போர்ட்டும்: தென்னாற்காட்டுப் பெண்களின் பெயர் ஆவணத்தில் ஏறிய கதை

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்ணின் பெயர் அப்படியே இருக்கும். பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல் மட்டும் மாறும். தந்தை பெயரின் முதலெழுத்தோடு பள்ளிக்கூடம் போனவர், கணவர் பெயரின் முதலெழுத்தோடு குடும்ப அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் இடம்பெறுவது பொது வழக்கம். இப்படி மாற்றியே தீரவேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது இந்த ஓரெழுத்து மாற்றம் பெரிய விவகாரமாகிவிடுகிறது. மாற்றுச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறொன்று, விமானச் சீட்டில் இனிஷியலே இல்லாத வெறும் பெயர். இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒரு பெண் யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற கேள்வியை ஒவ்வொரு காலத்துப் பயண ஆவணமும் ஒவ்வொரு விதமாகக் கேட்டிருக்கிறது. கேட்ட விதமே காலப்போக்கில் வழக்கமாகவும் ஆகியிருக்கிறது.

இதைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தை வைத்துப் பார்ப்பது பொருத்தம். இங்கே ஆளின் பெயரோடு மாவட்டத்தின் பெயரும் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கிறது. 1993 வரை கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. அந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். 1985இல் இந்த வட்டாரத்துச் சங்கராபுரத்தில் பிறந்த ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றில் தென்னாற்காடு இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றில் விழுப்புரம் இருக்கும், இன்றைய ஆதாரில் கள்ளக்குறிச்சி இருக்கும். இடையில் கல்யாணமும் நடந்திருந்தால் மூன்று மாவட்டம், இரண்டு இனிஷியல். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது.

காகிதம் வருவதற்கு முந்திய காலத்திலும் பெண்ணை உறவு சொல்லி அடையாளம் காட்டும் முறை இருந்தது. மலையமான்கள் ஆண்ட திருக்கோவிலூர்ச் சீமை இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. முதலாம் ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி அந்தக் குலத்தில் பிறந்தவர். சுந்தர சோழனின் தேவியான பிறகும் அவர் பிறந்த குலம் மறக்கப்படவில்லை. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு அதைப் பெருமையாகச் சொல்கிறது. விளக்குக்கு ஆடு கொடுத்த பெண்ணும் நிலம் எழுதிவைத்த பெண்ணும் கல்வெட்டுகளில் இன்னார் மகள், இன்னார் மனைவி என்று குறிக்கப்படுவார்கள். உறவு பக்கத்தில் நிற்கும், பெயர் தனியாக நிற்கும்.

சாமானியப் பெண்களின் பெயர் பெருந்தொகையாக அச்சுப் படிவத்தில் ஏறியது ஒப்பந்தக் கூலி முறையில்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அதில் ஏராளம். மொரீஷியஸுக்கு அதற்கும் முன்பே போக்குவரத்து நடந்தது. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903இல். தாது வருஷப் பஞ்சம் போன்ற பட்டினிக் காலங்களில் கப்பலேறியவர்களின் எண்ணிக்கை கூடியது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்கவேண்டும் என்பது குடியேற்ற விதி. அதனால் தனியாக வந்த பெண்களையும் கைம்பெண்களையும் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்து ஃபிஜி அனுமதிச் சீட்டு ஒன்றைப் பார்ப்பவர்கள் அதன் கட்டங்களைக் கவனிக்கவேண்டும். ஆணுக்கு ஒரு சீட்டு, பெண்ணுக்குத் தனிச் சீட்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், நெருங்கிய உறவினர் யார், உடலில் என்ன அடையாளம், உயரம் எவ்வளவு. பெண்ணின் சீட்டிலும் தந்தை பெயர்தான் கேட்கப்பட்டது. கல்யாணமானவர் என்றால் யாரைக் கட்டியிருக்கிறார் என்பதற்கு வேறொரு கட்டம். கொடுமையான முறைதான் அது. ஆளை எண்ணாக்கி, தழும்பையும் மச்சத்தையும் எழுதி, கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பியது. ஆனால் மகள் என்பதையும் மனைவி என்பதையும் இரண்டு தனிச் செய்திகளாக அது வைத்திருந்தது. கணவர் பெயரால் பெண்ணின் பெயரை அது திருத்தவில்லை. பின்னால் வந்த பல நாகரிகமான படிவங்கள் இந்தத் தெளிவை இழந்துவிட்டன.

பெயர் மாற்றம் அக்கரையில் நடந்தது. நேட்டாலில் குடும்பப் பெயர் இல்லாமல் பதிவேட்டில் இடமில்லை. தென்னாற்காட்டிலிருந்து போனவர் சாதிப் பட்டத்தையோ தந்தை பெயரையோ குடும்பப் பெயராக எழுதவைத்தார். கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று. படையாச்சியும் பிள்ளையும் நாயுடுவும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் பரம்பரைப் பெயர்களாக நிலைத்தன. அடுத்த தலைமுறையில் கல்யாணமான பெண்கள், ஐரோப்பிய முறைப்படி, கணவர் குடும்பப் பெயருக்கு மாறினார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்தில் ஊர்க்காரர்கள் கூப்பிடும் பட்டமாக மட்டும் இருந்த சொல், டர்பனில் ஒரு பெண்ணின் சட்டப்பூர்வப் பெயரின் பாதியாகிவிட்டது.

கல்யாணத்துக்கான காகிதம் இல்லாதது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதும் முதலில் அங்கேதான் தெரிந்தது. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவிலிருந்து கணவரோடு சேர வந்த ஓர் இஸ்லாமியப் பெண்ணுக்கு நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்ட வழக்கு அது. பலதார மணத்துக்கு இடந்தரும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்பது தீர்ப்பின் சாரம். தாலி கட்டி வாழ்ந்த தமிழ்ப் பெண்களும் ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள் மீது நேட்டால் அரசு விதித்த மூன்று பவுண்டு வரி பெண்களையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு அநீதியும் சேர்ந்தபோது ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் காந்தியின் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைக் கடப்பதே அவர்கள் கையாண்ட போராட்ட முறை. சிறை சென்று நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை ஒழித்தது, இந்தியத் திருமணங்களுக்கும் ஏற்பு அளித்தது. பயண ஆவணத்துக்கும் திருமணச் சான்றுக்கும் உள்ள உறவுக்காகத் தமிழ்ப் பெண்கள் கொடுத்த முதல் பெரிய விலை இது. பாடப்புத்தகங்கள் வள்ளியம்மையின் தியாகத்தைச் சொல்லும் அளவுக்கு இந்தத் திருமணத் தீர்ப்பைச் சொல்வதில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் வேறு வகைச் சீட்டோடு போனார்கள். 1901இல் வந்த தகர டிக்கெட் முறையில், கங்காணி கூட்டிச் செல்லும் ஒவ்வோர் ஆளுக்கும் எண் பொறித்த சிறு தகர வில்லை கொடுக்கப்பட்டது. எந்த வட்டாரம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அதில் பெயருக்கு இடமில்லை. பெயரே இல்லாததால் தந்தையா கணவரா என்ற கேள்வியும் எழவில்லை.

தென்னாற்காட்டுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் கதை வேறு திசையில் போனது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதிப் பிரெஞ்சு ஆணை, இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ விரும்பினால் தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. வருபவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யவேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது இந்த வழியில்தான். தமிழ் மண்ணில் குடும்பப் பெயர் என்பது அரசாணையால் வந்த இடம் புதுச்சேரி. 1962இல் அதிகாரப்பூர்வமாக இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பாஸ்போர்ட்டில் இந்தப் பெயர்கள் தொடர்ந்தன. அதே பிரான்சில், பிறந்தபோது பதிவான பெயரே ஒருவரின் சட்டப் பெயர் என்ற விதி 1794 முதல் இருக்கிறது. கணவர் பெயர் அங்கே புழங்கும் பெயர் மட்டுமே. பிறந்த பெயரைக் காக்கும் சட்டம் அங்கே இவ்வளவு பழையது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

இந்தியாவில் பாஸ்போர்ட் முதல் உலகப் போரின் குழந்தை. அதற்கு முன் இங்கே இந்தியப் பாஸ்போர்ட் வழங்கும் நடைமுறை இல்லை. போர்க்காலத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் நாட்டைவிட்டு வெளியேறவும் உள்ளே வரவும் பாஸ்போர்ட் கட்டாயமாயிற்று. 1917 மார்ச்சில் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது தடுக்கப்பட்டதும் அதே சட்டத்தைக் கொண்டுதான். ஒரு சட்டம் கூலிச் சீட்டை முடித்துவைத்துப் பாஸ்போர்ட்டைத் தொடங்கிவைத்தது. போர் முடிந்ததும் 1920இல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பாரிசில் கூடிய நாடுகளின் மாநாடு 32 பக்கப் புத்தகத்தைப் பொது வடிவமாகப் பரிந்துரைத்தது. அதில் மனைவிக்குத் தனிப் புத்தகம் தேவையில்லை. கணவரின் பாஸ்போர்ட்டிலேயே அவருக்கும் ஒரு கட்டம், படம் ஒட்ட ஓர் இடம். பிரிட்டிஷ் இந்தியப் பாஸ்போர்ட்டும் அந்த அமைப்பில்தான் இருந்தது. கணவரோடு போகலாம், அவர் இல்லாமல் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மனைவி போகமுடியாது. ஒப்பந்தக் கூலிப் பெண்ணுக்காவது தன் பெயரில் ஒரு சீட்டு இருந்தது.

இனிஷியல் பரவியதும் இந்தக் காலத்தில்தான். ஆங்கில அலுவலகமும் பள்ளிப் பதிவேடும் தந்தை பெயரைச் சுருக்கி முன்னால் வைத்தன. பட்டம் பின்னால் வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடவேண்டும் என்று தீர்மானித்தது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் பட்டம் உதிர்ந்து, இனிஷியலும் பெயரும் மட்டும் மிஞ்சின. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத சமூக மாற்றம் இது. அதன் பக்கவிளைவாக, உலகமெங்கும் கேட்கப்படும் குடும்பப் பெயர் தமிழருக்கு இல்லாமற்போயிற்று. டர்பனில் நிலைத்த கோவெண்டரும் படையாச்சியும் கள்ளக்குறிச்சியின் பள்ளிப் பதிவேட்டிலிருந்து மறைந்துகொண்டிருந்தார்கள்.

தன் பெயரைத் தானே சொல்லும் துணிவிலும் இந்தப் பகுதி பின்தங்கியிருக்கவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிந்ததால் நீக்கப்பட்டார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி நீக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சென்னை மாகாணம் அந்த வரிசையில் இல்லை.

1954இல் முதல் ஐந்து வட்டாரப் பாஸ்போர்ட் அலுவலகங்கள் திறக்கப்பட்டபோது சென்னை அவற்றுள் ஒன்று. அப்போதெல்லாம் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். வெளிநாடு செல்வது குடிமக்களின் உரிமை என்று 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஜூன் 24இல் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்றது அது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தத் திருத்தம் முன்பு நடந்த திருமணங்களுக்கும் பொருந்தியது. சடங்கு இல்லாத கல்யாணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் அதைக் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும் என்ற சிக்கல் அப்படியே இருந்தது.

சிக்கல் இன்னும் இறுகியது இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட் வந்தபோது. படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் 44 எழுத்திடங்கள். முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் ஐந்து இடங்கள் போக, பெயருக்கு 39 இடங்கள். குடும்பப் பெயர் முதலில், பிறகு இரண்டு பிரிப்புக் குறிகள், அதன்பின் இயற்பெயர். இந்த அமைப்பில் இனிஷியலுக்கு வேலை இல்லை; பாஸ்போர்ட் விண்ணப்பமும் இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதச் சொல்கிறது. ராமசாமியின் மகள் ரா. செல்வி, முருகன் என்பவரை மணந்து மு. செல்வி ஆகியிருந்தால், அவருக்கு மூன்று வழிகள். ராமசாமியைக் குடும்பப் பெயராக்கலாம், முருகனைக் குடும்பப் பெயராக்கலாம், அல்லது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுச் செல்வி என்று மட்டும் எழுதலாம். முதல் வழியில் சென்றால் வெளிநாட்டுக் குடியேற்ற அதிகாரி அவரை ராமசாமி என்று கூப்பிடுவார். இரண்டாவதில், குழந்தையின் பெயருக்கும் கணவரின் பெயருக்கும் பொருத்தம் வரும்; பள்ளி, கல்லூரிச் சான்றுகளோடு பொருத்தம் போய்விடும். மூன்றாவது வழி தமிழ்ப் பெயர் முறைக்கு மிக நெருக்கமானது, ஆனால் பயணத்தில் அதுவே இடர். 2022 நவம்பர் 21 முதல், குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ள ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவரைப் பார்க்கப் போகும் பெண்ணுக்குக் கடைசிப் பக்கத்திலிருக்கும் தந்தையின் பெயர் அப்படித்தான் துணைக்கு வந்தது. தந்தை, தாய், கணவர் அல்லது மனைவி பெயர்களும் முகவரியும் அச்சாகும் அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட 2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் முடிவு செய்து, அந்த மாதமே கைவிட்டிருந்தது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கல்வராயன் மலையில் இந்த ஆவண வரலாறு தாமதமாகத்தான் தொடங்குகிறது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையிலிருந்த மலைக் கிராமங்கள் 1976 ஜூன் 25இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. சமவெளியில் மூன்று தலைமுறையாகப் பழகிப்போன பதிவேடுகள் மலைக்கு ஏறியது அதற்குப் பிறகே. அதே 1976இல் திருத்தப்பட்ட பழங்குடியினர் பட்டியலில், இந்த மலையில் வாழும் மலையாளி இனத்தார் மாவட்டப் பெயரோடு சேர்த்துக் குறிக்கப்பட்டார்கள்: தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. கள்ளக்குறிச்சி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. தென்னாற்காடு என்ற மறைந்த மாவட்டத்தின் வாரிசாகவே கல்வராயன் மலையின் வெள்ளிமலை ஊர்ப் பெண் இன்றும் சாதிச் சான்று பெறுகிறார். சாதி பிறப்பால் வருவதாகக் கொள்ளப்படுவதால் அந்தச் சான்றில் அவர் எப்போதும் தந்தையின் மகள்தான். குடும்ப அட்டையிலோ கல்யாணமானதும் தந்தை வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிக் கணவர் வீட்டு அட்டையில் சேர்க்கிறார்கள். இரண்டும் அரசு ஆவணம், இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

திருமணச் சான்றிலும் மலைக்கு வேறு நிலைமை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. பரிசம் போட்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நடக்கும் மலைக் கல்யாணத்தை அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதியமுடியாது. மதமோ சாதியோ பார்க்காமல் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதியவேண்டும் என்ற தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் மலைப் பெண்ணுக்கும் அரசு முத்திரையுள்ள திருமணச் சான்று எளிதாயிற்று. அதற்கு முன்பு மணமானவர்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, பெரும்பாலும் சான்றும் இல்லை.

ஆகவே 2016 டிசம்பரில் வந்த பாஸ்போர்ட் விதித் தளர்வு இந்த மாவட்டத்துக்குப் பெரிய உதவி. கல்யாணமானவர் திருமணச் சான்று தரவேண்டியதில்லை, பிரிந்து வாழ்பவரோ மணமுறிவு பெற்றவரோ கணவர் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், உறுதிமொழிகளை வெள்ளைத் தாளில் எழுதித் தரலாம் என்று அறிவித்தார்கள். 1989 ஜனவரி 26க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம் என்ற கெடுபிடியும் அப்போது தளர்ந்தது. 2017 ஏப்ரல் 13இல் பிரதமர் மோடி, பாஸ்போர்ட்டுக்காகப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றவேண்டியதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

பழைய மனப்பான்மை அதனால் போய்விடவில்லை. கணவர் பெயரை விட்டுப் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப விரும்பும் பெண், அரசிதழில் வெளியிடக் கணவரின் இசைவுக் கடிதத்தையோ மணமுறிவு ஆணையையோ தரவேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிப்பை எதிர்த்து 2024 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2025இல் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கத் திருமணச் சான்றுக்கு மாற்றாக ஒரு கூட்டு உறுதிமொழிப் படிவம் வந்தது: இணைந்து எடுத்த புகைப்படமும் இருவர் கையெழுத்தும் போதும். சான்றில்லாத தம்பதிகளுக்கு நல்ல வழி இது. ஆனால் கணவரோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பெண் ஒருவரிடமும் இதே படிவத்தில் கணவர் கையெழுத்தை வாங்கி வரச் சொன்னார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மனைவி பாஸ்போர்ட் விண்ணப்பிக்கக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை, கல்யாணத்தால் பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை என்று 2025 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். நான்கு வாரத்துக்குள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து முடிக்கவும் உத்தரவிட்டார்.

கணினி மையங்களிலும் இ-சேவை மையங்களிலும், பாஸ்போர்ட் கேட்டு வரும் பெண்களிடம் முதலில் ஆதாரில் இனிஷியலை மாற்றிக்கொண்டு வரச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருபவர்கள் அதை நிறுத்தவேண்டும். பள்ளிச் சான்றில் உள்ள பெயரிலேயே, தந்தையின் பெயரோடேயே, கல்யாணமான பெண் பாஸ்போர்ட் எடுக்கலாம். கணவர் பெயருக்கு அதன் கடைசிப் பக்கத்தில் தனி வரி இருக்கிறது.